உழைத்துக் களைத்த உடம்புக்கு உடற்பயிற்சி எதற்கு, எப்போது, எவ்வளவு?

நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கான உடற்பயிற்சி அறிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. நாள் முழுக்க நின்று, நடந்து, சுமந்து வேலை செய்பவர்களுக்கு அவை பெரும்பாலும் பொருந்துவதில்லை. இந்த முறை அவர்கள் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்கிறேன். தினமும் 15,000 காலடிகளுக்குக் குறையாமல் நடக்கிறேன். இதற்கு மேலும் தனியாக உடற்பயிற்சி வேண்டுமா?

வேண்டும். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குத் தேவைப்படும் அளவு உங்களுக்குத் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அதோடு குறைந்தது 2 நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. முதலாவதை நீங்கள் வாரத்தின் முதல் நாளிலேயே கிட்டத்தட்ட முடித்துவிடுகிறீர்கள். இரண்டாவதும் முடிந்துவிட்டது போலத் தோன்றும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். தினமும் அதே எடையை அதே விதமாகக் குனிந்து தூக்கும்போது, சில வாரங்களில் தசை அதற்குப் பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு வலு கூடுவதில்லை, தேய்மானம்தான் தொடர்கிறது. தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள மேல்முதுகுத் தசை, இடுப்பின் பக்கவாட்டுத் தசை போன்றவற்றுக்கு இந்த வேலையில் பங்கே மிகக் குறைவு.

இதயத்தின் கதையும் இதேதான். கோபன்ஹேகனில் 1,04,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவாக இருந்தன. வேலையில் அதிகம் உழைத்தவர்களுக்கு இரண்டுமே கூடுதலாக இருந்தன. வருமானம், புகைப்பழக்கம் போன்றவைதான் உண்மைக் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு, விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் ஒரு விளக்கம் ஏற்கத்தக்கது. வேலை உழைப்பு பல மணி நேரம் நீள்கிறது, இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்குத் தீவிரம் அதில் இல்லை, எப்போது நிறுத்தி மூச்சு வாங்கலாம் என்பதும் உங்கள் கையில் இல்லை.

உடற்பயிற்சியால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபத்தை ஒரு கணக்கில் சொல்லலாம். 8 மணி நேர வேலை ஒருவரின் உச்ச ஆக்சிஜன் திறனில் (கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவில்) சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் களைப்பு சேரத் தொடங்கும் என்பது தொழில்சார் உடலியலில் நெடுங்காலமாகப் பயன்படும் அளவுகோல். உங்கள் வேலை சராசரியாக 12 அலகு கேட்கிறது, உங்கள் உச்சத் திறன் 30 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 40 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். சில மாதப் பயிற்சியில் உச்சத்தை 36-க்கு உயர்த்தினால் அதே வேலை 33 சதவீதமாகிவிடும். பெட்டி இலேசாகவில்லை, ஆனால் மாலையில் நீங்கள் வீடு திரும்பும் நிலை மாறிவிடும்.

தொடங்க வாரத்துக்கு 2 நாள், 25 நிமிடம் போதும். வேலையில் குனிந்து தூக்குவதால் அதையே மறுபடி செய்ய வேண்டாம். ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனும் ரப்பர் பட்டையையோ டம்பெல்லையோ பின்னோக்கி இழுக்கும் ரோயிங், புஷ் அப், ஒரு காலை முன்வைத்து இறங்கும் ஸ்பிளிட் ஸ்குவாட், ஒரு முழங்கையை ஊன்றி உடலைப் பக்கவாட்டில் நேராக நிறுத்தும் பக்கவாட்டு பிளாங்க் ஆகிய நான்கும் போதும். முதல் 3 வாரம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட். 8 முதல் 10 தடவை செய்துவிட்டு, இன்னும் 3 தடவை முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். பிளாங்க்குக்குப் பக்கத்துக்கு 20 விநாடி. நான்காவது வாரத்தில் இரண்டாவது செட். பெரும்பாலானோர் முதல் நாளே 4 செட் போட்டு, அடுத்த 3 நாள் வேலையில் கால் மடக்க முடியாமல் தவித்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை. காலையில் சீக்கிரம் எழவும் முடியவில்லை. எப்போதுதான் செய்வது?

மன உறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டு 6 மணிக்கு வேலை முடிந்தால், 5 மணி நேர உழைப்பு இடையில் எதுவும் சாப்பிடாமல் நடந்திருக்கிறது. வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது 30 முதல் 50 கிராம் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் உள்ளே போகட்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றும் 200 மில்லி பாலும் சேர்த்தால் சுமார் 35 கிராம் மாவுச்சத்தும் 7, 8 கிராம் புரதமும் கிடைத்துவிடும். எண்ணெயில் பொரித்த பண்டம் இந்த வேலைக்கு உதவாது. அது வயிற்றைவிட்டு நகரவே நேரமாகும்.

அடுத்தது தண்ணீர். வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும், வியர்த்த உடையைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடை பாருங்கள். 70 கிலோ உள்ளவர் 1.4 கிலோ குறைந்திருந்தால் உடல் எடையில் 2 சதவீத நீர் போயிருக்கிறது. அந்த அளவிலேயே தாக்குப்பிடிக்கும் திறன் சரியத் தொடங்கும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், உப்புள்ள உணவோடு. வெயிலில் வேலை என்றால் தாகத்துக்காகக் காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை. ஆனால் ஒரு மணி நேரத்தில் சுமார் 1.4 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்துதான். சிறுநீரகம், இதயம், இரத்த அழுத்தம் தொடர்பாகச் சிகிச்சையில் இருப்பவர்கள் தண்ணீர், உப்பு அளவை மருத்துவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டும் சரியான பிறகு நேரத்தைப் பற்றி யோசிக்கலாம். எங்கள் பரிந்துரை, உட்காருவதற்கு முன்பே முடித்துவிடுவது. வேலை செய்த இடத்திலேயோ வரும் வழியிலேயோ 20 நிமிடம். வீட்டுக்கு வந்துதான் முடியும் என்றால் காலணியை மாற்றிக்கொண்டு அப்படியே தொடங்குங்கள், நாற்காலி பிறகு. 10 நிமிடம் வார்ம் அப்பும் முதல் செட்டும் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் கை கால் கனமாகவே இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். அந்த 10 நிமிடமும் கணக்கில் சேரும். பெரும்பாலும் நிறுத்த வேண்டியிருக்காது, ஏனென்றால் உட்கார்ந்து எழும்போது தெரியும் விறைப்பில் ஒரு பகுதி உடல் சூடேறியதும் போய்விடும்.

காலையில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தூக்கத்தில் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து எடை தூக்குவது முதுகுக்கு நல்லதல்ல.

மருத்துவமனையில் செவிலியர். 12 மணி நேர ஷிப்ட், சில வாரம் இரவுப் பணி. கால் கடுப்புதான் பெரிய தொல்லை. நடைப்பயிற்சி போகலாமா?

நடைப்பயிற்சி வேண்டாம் என்போம். அதைத்தான் 12 மணி நேரமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். வார்டில் நடப்பது காலடிக் கணக்கில் பெரியதாக இருந்தாலும் மூச்சு வாங்கும் அளவுக்குப் போவதில்லை. உங்களுக்கு வேண்டியது குறைந்த நேரத்தில் இதயத்துடிப்பை உயர்த்தும், பாதத்தில் அதிகம் இடிக்காத ஒன்று. நிலை சைக்கிள் நல்ல தேர்வு. 3 நிமிடம் மெதுவாக, பிறகு 1 நிமிடம் வேகம், 1 நிமிடம் நிதானம் என்று 6 சுற்று, கடைசியில் 3 நிமிடம் மெதுவாக. மொத்தம் 18 நிமிடம். வேகச் சுற்றில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் சேர்த்துப் பேச முடியக் கூடாது. வாரத்துக்கு 2 முறை. பல வருடம் பயிற்சியே இல்லாதவர், 40 வயதைத் தாண்டியவர், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர் இந்த வேகப் பயிற்சியைத் தொடங்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கால் கடுப்புக்கு வேறு வழி. நின்றபடியே இருக்கும்போது இரத்தம் கெண்டைக்காலில் தேங்குகிறது. கெண்டைத் தசை சுருங்கினால்தான் அது மேலே தள்ளப்படும். பணியிடையே கிடைக்கும் இடைவெளியில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவை. வீட்டில் ஒரு படிக்கட்டின் விளிம்பில் நின்று, 3 விநாடி எடுத்து மெதுவாக இறங்கி, 2 செட், 12 தடவை, வாரம் 3 நாள். ஷிப்ட் முடிந்ததும் 10 நிமிடம் கால்களைச் சுவரில் உயர்த்திவைத்துப் படுத்திருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அது களைப்பு அல்ல, இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

இரவுப் பணி முடிந்த காலையில் கடும் பயிற்சி வேண்டாம், முதலில் தூக்கம். எழுந்த பிறகு, அடுத்த பணிக்கு முன்னால் செய்யலாம். தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறைந்துகொண்டே போகும் வாரத்தில் பயிற்சியைப் பாதியாக்கிவிடுங்கள். மீதி நேரம் படுக்கைக்கு.

முன்பு வாரம் 4 நாள் ஜிம்முக்குப் போவேன். கட்டட வேலைக்கு மாறியதிலிருந்து முடியவில்லை. சேர்த்த வலு எல்லாம் போய்விடுமோ?

போகாது. வலுவைச் சேர்க்கத் தேவைப்படும் உழைப்பைவிட அதைத் தக்கவைக்கத் தேவைப்படும் உழைப்பு மிகக் குறைவு. 16 வாரப் பயிற்சிக்குப் பிறகு அளவைக் குறைத்து 32 வாரம் கவனித்த ஓர் ஆய்வில், 20 முதல் 35 வயதுக்காரர்கள் ஒன்பதில் ஒரு பங்கு பயிற்சியிலேயே தசை அளவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அது போதவில்லை. இதில் நிபந்தனை ஒன்று உண்டு. செட்களைக் குறைக்கலாம், நாட்களைக் குறைக்கலாம், எடையைக் குறைக்கக் கூடாது. வாரம் 12 செட் ஸ்குவாட் போட்டவர் அதே எடையில் 3 செட் போட்டால் போதும். தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டை, சிமெண்ட் மூட்டை சுமந்த நாளில் தொடாதீர்கள். முதுகுக்கு அன்றைய பங்கு முடிந்துவிட்டது.

எடை இயந்திரத்தையும் பாருங்கள். வேலை மாறியபின் உங்கள் எடை வாரா வாரம் இறங்கிக்கொண்டிருந்தால், வலு குறைவதற்குக் காரணம் பயிற்சிக் குறைவாக இருக்காது, சாப்பாட்டுக் குறைவு. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை போகலாம். 70 கிலோவுக்கு 112 கிராம், நான்கு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 28 கிராம். புரதத்தை மட்டும் ஏற்றிவிட்டு மாவுச்சத்தைக் குறைப்பவர்களை நிறையப் பார்க்கிறோம். உடலுழைப்பு வேலைக்கு இது தலைகீழான யோசனை.

வீட்டு வேலை, இரண்டு சின்னக் குழந்தைகள். 10 நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை.

சேர்ந்தாற்போல் வேண்டாம். நாளில் மூன்று தடவை, 3 நிமிடம் வீதம் பிரியுங்கள். ஒருமுறை உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 12, ஒருமுறை மேடையில் கையூன்றிப் புஷ் அப் 10, ஒருமுறை மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பிரிட்ஜ் 15. குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் சுமப்பதும் முதுகுவலிக்குக் காரணமாகலாம், பக்கத்தை மாற்றுங்கள். பிரசவமாகி 6 வாரத்துக்குள் இருந்தால், அல்லது இருமும்போது சிறுநீர் கசிந்தால், குதிக்கும் பயிற்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள்.

மாலையில் காபி குடித்தால்தான் பயிற்சி செய்ய முடிகிறது. தவறா?

படுக்கும் நேரத்தைப் பொறுத்தது. உடலில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்தால்கூடத் தூக்கம் குறைவதாக ஆய்வு காட்டுகிறது. 10 மணிக்குப் படுப்பவருக்கு மதியம் 2 மணியோடு நிறுத்துவது பாதுகாப்பு. இல்லாவிட்டால் இன்றைய பயிற்சிக்கு நாளைய சக்தியைக் கடன் வாங்குகிறீர்கள்.

சாப்பாடும் தூக்கமும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் மாதக்கணக்கில் களைப்பு போகவில்லை.

அப்படியானால் பயிற்சித் திட்டத்தை மாற்றுவதில் பயனில்லை, இரத்தப் பரிசோதனை வேண்டும். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அது சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தாழ்ந்திருக்கலாம், தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் 3 மாதத்துக்கு மேல் நின்றுபோனால், கர்ப்பம் இல்லை என்று உறுதியானபின், உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லையோ என்பது முதல் சந்தேகங்களில் ஒன்று.

நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, கடும் உழைப்புக்குப் பின் கறுத்த தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை வந்தால் காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி.

வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. எல்லாவற்றையும் அன்றே செய்துவிடலாமா?

செய்யலாம், ஆனால் புதிய பயிற்சிகளை அன்று சேர்க்காதீர்கள். புதிய அசைவு தரும் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அதாவது நீங்கள் வேலைக்குத் திரும்பும் முதல் இரண்டு நாட்களில். விடுமுறை நாளில் காலையிலேயே 35, 40 நிமிடம், மாலை முழுக்க ஓய்வு. வார நடுவில் வேலை இலேசான நாளாகப் பார்த்து 15 நிமிடம், அதே அசைவுகள், ஒரே ஒரு செட்.