77 நிமிடம், ஒரே கதை: ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ கேள்வி பதில்

அமெரிக்க இசைக்குழுவான ட்ரீம் தியேட்டரின் ‘மெட்ரோபொலிஸ் பார்ட் 2: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ 1999 அக்டோபரில் வந்தது. புரோக்ரெசிவ் மெட்டலில் (நீண்ட பாட்டும் சிக்கலான தாளமுமாக வரும் மெட்டல் இசை) எனக்கு இதற்கு மேல் ஓர் ஆல்பம் கிடையாது. வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு, முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

தக்கலை: அண்ணா, எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

முதல் பாட்டிலிருந்து. 12 பாட்டும் சேர்ந்து ஒரே கதை. கடிகாரம் டிக் டிக் என்று ஓட, கண்ணை மூடச் சொல்லி ஒரு குரல் வரும். நீங்களும் மூடிக்கொள்ளுங்கள். போனில் ஷஃபிள் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அதை அணைக்காமல் இந்த ஆல்பத்தைத் தொடாதீர்கள்.

குழித்துறை: கதையைக் கொஞ்சம் தமிழில் சொல்லுங்களேன்.

நிக்கோலஸ் என்பவனுக்குத் தெரியாத ஒரு பெண் கனவில் வந்துகொண்டே இருக்கிறாள். மனோவசிய மருத்துவர் ஒருவரிடம் போகிறான். அவர் இவனைப் பின்னோக்கி அழைத்துப் போக, அந்தப் பெண் விக்டோரியா, 1928-ல் கொலையானவள், போன பிறவியில் தானே அவள் என்று தெரிகிறது. காதலன் ஜூலியன் அவளைக் கொன்றுவிட்டுத் தானும் செத்தான் என்பது அன்றைய செய்தித்தாள் சொன்ன கதை. உண்மையில் இருவரையும் கொன்றது ஜூலியனின் உடன்பிறந்த சகோதரன் எட்வர்ட். கடைசிப் பாட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாம் என்பவர்கள் கீழே சுசீந்திரம், கருங்கல் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆரல்வாய்மொழி: அண்ணாச்சி, இது நம்ம முப்பந்தல் இசக்கி கதைதானே? கொலையான பெண், மறுபிறவி, எல்லாம் இருக்கிறதே.

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்தேன். எனக்கும் முதல் தடவை கேட்டபோதே வில்லுப்பாட்டுதான் நினைவுக்கு வந்தது. கதை மட்டும் காரணமில்லை, சொல்லும் முறையும்தான். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவரே நீலியாகவும் (இசக்கிதான் நீலி) அவள் பழி தீர்க்கும் செட்டியாகவும் பேசுவார், குரலை மாற்றுவார், அழுவார், அதட்டுவார். குடமும் உடுக்கும் அவர் மூச்சைப் பார்த்து ஏறி இறங்கும். இங்கே குழுவின் பாடகர் ஜேம்ஸ் லாப்ரி ஒருவரே நிக்கோலஸ், விக்டோரியா, ஜூலியன், எட்வர்ட் எல்லாருமாகப் பாடுகிறார். ‘ஸ்ட்ரேஞ்ச் டேஜா வூ’வில் குரல் இளகும் இடத்தைக் கவனியுங்கள், பேசுவது விக்டோரியா என்று சொல்லாமலே தெரியும். ‘ஓவர்ச்சர் 1928’ வார்த்தையே இல்லாமல் பின்னால் வரப்போகும் மெட்டுகளை முன்கூட்டியே காட்டிவிட்டுப் போகிறது. கதைக்குள் நுழையும் முன் வில்லை அடித்துக் கூட்டத்தை உட்கார வைப்பார்களே, அந்த வேலை.

இன்னொன்று. கொடைக்குப் போய்க் கொலைக் கட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு யாரும் எழுந்து வருவதில்லை. விடிய விடிய உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும். இந்த ஆல்பமும் அப்படித்தான்.

சுசீந்திரம்: மன்னிக்கணும் அண்ணாச்சி, ஒப்பீடு தப்பு. நீலி கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் தூக்கிவந்து பழி தீர்க்கிறாள். இங்கே மருத்துவரே எட்வர்டின் மறுபிறவி, நிக்கோலஸை மறுபடியும் கொன்றுவிடுகிறான். செத்தவளுக்கு நியாயமே கிடைக்கவில்லை.

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பழி தீர்ப்பதில் இரண்டு கதையும் எதிரெதிர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நியாயம் கிடைக்கவே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். 1928-ல் ஊர் நம்பியது பொய், ஜூலியன் மேல் விழுந்தது வீண்பழி. நிக்கோலஸ் சாகும் முன் அந்த உண்மை அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ‘தி ஸ்பிரிட் கேரிஸ் ஆன்’ பாட்டில் அவன் சாவுப் பயமே இல்லாமல் நிற்பது அதனால்தான்.

கருங்கல்: உண்மை தெரிந்து என்ன அண்ணா, கொலைகாரன் தப்பித்துவிட்டானே! எனக்கு அந்த முடிவு கோபமாக வருகிறது.

வர வேண்டும் தம்பி. விக்டோரியாவைக் கொல்லும்போது எட்வர்ட் சொல்லும் ‘கண்ணைத் திற’ என்பதைக் கடைசியில் மருத்துவர் நிக்கோலஸிடம் சொல்கிறார். அந்த ஒரு வரியில் 71 வருடம் கரைந்துபோகிறது. இசக்கிக்கு ஊர் கோயில் கட்டிக் கொடை கொடுத்தது, கோபம் ஆறியது. விக்டோரியாவுக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. சுசீந்திரத்துக்காரர் சொல்லும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

குளச்சல்: முதலில் கேட்க ஒரு நல்ல பாட்டு சொல்லுங்கள்.

தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: மிருதங்கம் படிக்கிறேன். ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’க்குத் தாளம் போட முடியவில்லை.

ஆறே கால் நிமிடம்கூட இல்லாத அந்தப் பாட்டில் தாளம் 100 தடவைக்கு மேல் மாறுகிறது. கண்ட சாபுவில் அஞ்சு, மிஸ்ர சாபுவில் ஏழு என்று ஒரே கணக்கில் ஓடிப் பழகிய கை இங்கே தடுமாறத்தான் செய்யும், ஏனென்றால் ஏழு வந்து அமர்வதற்குள் வேறொன்று வந்துவிடும். ஒரே ஆவர்த்தனமாகப் பிடிக்காமல் சொற்கட்டுகளாக உடையுங்கள்: தகிட, தகதிமி, தகதகிட. டிரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னாயின் ஸ்னேர் டிரம்மைப் பின்தொடருங்கள், கிட்டாரை அல்ல. நடுவில் கீபோர்டு வாசிக்கும் ஜோர்டன் ரூடஸ் திடீரென்று பழைய ராக்டைம் பியானோவுக்குத் தாவுவார். ஒன்பது வயதிலேயே ஜூலியார்ட் இசைப்பள்ளியில் சேர்ந்தவர், இந்தக் குழுவில் அவருக்கு இதுதான் முதல் ஆல்பம். ஜான் மயூங்கின் பேஸ் தனியாக வரும் இடமும் உண்டு, சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் அது காதிலேயே விழாது. அப்புறம், இந்தப் பாட்டை மட்டும் தனியாக எடுத்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். இதற்கு முன்னால் ‘ஹோம்’ கேட்டிருக்க வேண்டும். 1992-ல் வந்த ‘மெட்ரோபொலிஸ் பார்ட் 1’-இன் மெட்டுகள் இரண்டிலும் வந்து வந்து போகும்.

மார்த்தாண்டம்: மகன் இரவெல்லாம் இதைக் கேட்கிறான். சர்ச்சுக்குப் போகிற பிள்ளை கேட்கலாமா? பயமாக இருக்கிறது.

பயப்படாதீங்க அக்கா. நானும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறவன்தான். மறுபிறவி நம் சபை போதனை இல்லை, அதைப் பற்றி அவனிடம் பேசுங்கள், பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ‘தி ஸ்பிரிட் கேரிஸ் ஆன்’ ஒன்றை அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தெரேசா தாமசனின் குரலும் பாடகர் குழுவும் எழும்பும்போது நம் ஊர் ஈஸ்டர் ஆராதனை நினைவுக்கு வரும். உங்களுக்கு மட்டும் ஒரு பாட்டைத் தனியாகக் கேட்க அனுமதி.

குலசேகரம்: விடியக்காலம் ரப்பர் வெட்டுக்குப் போகும்போது ஹெட்போனில் கேட்கலாமா?

தோட்டத்தில் ஒரு காது திறந்தே இருக்கட்டும், பன்றி வந்தால் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு காதும் வேண்டும். வீட்டுக்கு வந்து கேளுங்கள்.

கொல்லங்கோடு: 20 ஆயிரத்துக்குள் எந்த கிட்டார் வாங்கலாம்?

கிட்டார் சொல்லித்தரும் யாரையாவது கேளுங்கள்.

முட்டம்: போர்ட்னாய் இல்லாத ஆல்பங்கள் எப்படி?

2010-ல் போனார், 2023-ல் திரும்பினார். நடுவில் வந்தவற்றை இன்னொரு நாள் பேசலாம்.

திங்கள்நகர்: அண்ணா, இதில் டாப் 3 பாட்டு?

இல்லை. ஷஃபிளை அணைத்துவிட்டு முதலிலிருந்து கேளுங்கள்.

பேச்சிப்பாறை: என்னிடம் உள்ள ஃபைல் பழுதா? ‘ஃபைனலி ஃப்ரீ’ கடைசியில் வெறும் இரைச்சல்தான் வருகிறது.

பழுதில்லை மக்கா. மருத்துவர் வந்த பிறகு வரும் இரைச்சல் அது, அங்கே கதை நிற்கிறது. அணைத்துவிடாமல் 2002-ல் வந்த அடுத்த ஆல்பத்தைப் போடுங்கள். அது இதே இரைச்சலில்தான் தொடங்கும்.