காலிக் கப்பலாகத் திரும்பாதீர்கள்!

கேள்வி: 1984இல் வெளியான 'எலைட்' என்ற விண்வெளி வணிகக் கணினி விளையாட்டில் லாவே கோளிலிருந்து 100 கிரெடிட்டுடன் (விளையாட்டுக்குள் உள்ள பணம்) தொடங்கினேன். உணவை வாங்கி டீசோவில் விற்றால் லாபமே இல்லையே, ஏன்?

பதில்: லாவே, டீசோ இரண்டுமே வேளாண் கோள்கள், இரண்டிலும் உணவு மலிவுதான். தொழிற்கோளான ஸான்ஸுக்குக் கொண்டுபோங்கள். ஆனால் உணவில் கிடைப்பது சில்லறை லாபம். உண்மையான காசு திரும்பும் பயணத்தில் இருக்கிறது: ஸான்ஸில் கம்ப்யூட்டர் வாங்கி லாவேயில் விற்க வேண்டும். முதலில் ஒன்றிரண்டு டன்னுக்குத்தான் கைக்காசு காணும். பரவாயில்லை, மிச்ச இடத்தை மலிவுச் சரக்கால் அடைக்காமல் கம்ப்யூட்டரில் வரும் காசையே சுழற்றுங்கள். 20 டன் கிடங்கு நிரம்பத் தொடங்கியதும் 400 கிரெடிட்டில் பெரிய கிடங்கு வாங்கினால் 35 டன் ஏற்றலாம். லேசர், ஏவுகணை ஆசையெல்லாம் அப்புறம். முழு டாங்கில் 7 ஒளியாண்டுதான் தாவ முடியும். எரிபொருள் செலவைக் கழித்தே லாபம் பாருங்கள். அராஜகக் கோள்களில் விலை எவ்வளவு கவர்ந்தாலும் கொள்ளையர் தொல்லை அதிகம்.