சதிக்கதைகள் சர்வாதிகாரியின் நாற்காலியை எப்படிக் காப்பாற்றுகின்றன?

நடந்த கெடுதலுக்கெல்லாம் மறைந்திருக்கும் ஓர் எதிரிக் கூட்டமே காரணம் என்று ஆதாரமில்லாமல் சொல்வதுதான் சதிக்கதை. ஆட்சியாளரின் தவறு அதன் பின்னால் மறைந்துவிடும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழையும் மூடுபனியும் விடாத நாட்களில் கொழுந்தில் கொப்புள நோய் வரும். வாரம் ஒருமுறை தாமிர மருந்து அடித்தால் அடங்கும். மருந்துப் பணத்தைச் சுருட்டிய மேற்பார்வையாளர், "பக்கத்துத் தோட்டத்துக்காரன் ராத்திரியில வந்து நோயைப் பரப்புறான்" என்கிறார். எல்லோரும் வேலியில் காவல் நிற்பார்கள். கணக்குக் கேட்பவர் 'அவங்க ஆள்' ஆகிவிடுவார். ஆபத்தே இங்குதான்: கேள்வி கேட்பதே துரோகத்துக்குச் சான்றாகிறது.

1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. கம்யூனிஸ்ட் சதி என்றார் ஹிட்லர். மறுநாளே அவசர ஆணையில் பேச்சுரிமையும் பத்திரிகை உரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் பறிபோயின. 1953 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தின் ஸ்டாலின் அரசு, மருத்துவர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக அறிவித்தது. மார்ச்சில் அவர் இறந்தார். ஏப்ரலிலேயே அது ஜோடித்த வழக்கு என்று அந்த அரசே ஒப்புக்கொண்டது.

எல்லோரும் நம்பினால்தான் இது பலிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 'எது உண்மையோ, யாருக்குத் தெரியும்' என்று பாதிப் பேர் ஒதுங்கிக்கொண்டாலே எதிர்த்து ஒன்றுசேர ஆள் இருக்காது.