பிளாட்பாரத்துக்கு விலாசம் உண்டா?

வடசென்னை வாசகர்களிடமிருந்து நடைபாதைவாசிகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். பதில் சொல்பவர்கள் இந்தத் துறையில் பல காலம் வேலை செய்பவர்கள்.

"வால்டாக்ஸ் ரோடு, பிராட்வே பக்கம் பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்கு அரசாங்கம் வீடு கொடுத்தது. அதை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்குத் தெருவே பழகிவிட்டது, இல்லையா?"
– வாசகர், ஏழுகிணறு

திரும்பி வருபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஏன் வருகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மறுகுடியமர்த்தலுக்கு ஒதுக்கப்பட்ட பெரிய குடியிருப்புகளான கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றுமே தென்கோடியில் இருக்கின்றன. பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். மூட்டை தூக்குபவருக்கு லாரி வருவது விடியற்காலை. முதல் பஸ் பிடித்து, இடையில் மாறி அவர் வந்து சேருவதற்குள் லோடு இறங்கி முடிந்துவிடும். பூ கட்டுகிற பெண்ணின் கதையும் அதுதான். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை, சரி. ஆனால் காலை வியாபாரத்துக்கு நேரத்தில் வந்து சேர வேண்டுமே! வீட்டு வேலைக்குப் போகிறவரை, ஏழு மணிக்கு வராவிட்டால் மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

போன இடத்தில் மாதப் பராமரிப்புத் தொகை, கரன்ட் பில் என்று புதுச் செலவுகள் சேரும். நடு வருஷத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். வருமானம் பாதியாகி, செலவு இரட்டிப்பாகும்போது வீட்டைப் பூட்டிவிட்டு வேலை இருக்கிற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது: பிழைப்பு பக்கத்தில் இருப்பதால்தான் அந்த இடத்தில் வசிக்கிறார்கள், பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது போல. அதே தீர்ப்பு, நடைபாதையை ஆக்கிரமிக்க உரிமை இல்லை, முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. நம் ஊரில் பலருக்கும் ஞாபகம் இருப்பது இந்தப் பின்பாதி மட்டும்தான்.

இன்னொன்று. வீடு கொடுத்தும் வந்தவர்களை நீங்கள் பார்க்கிறீர்கள். கணக்கெடுப்பு நடந்த பகலில் வேலைக்குப் போயிருந்ததால் பட்டியலில் பேர் விட்டுப்போனவர்களும் அதே பிளாட்பாரத்தில்தான் படுத்திருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

"எங்கிருந்து வருகிறார்கள் இவ்வளவு பேர்? வெளியூரா, வடமாநிலமா?"
– வாசகி, மூலக்கொத்தளம்

பெரும்பாலும் இந்த ஊர்தான். ஜார்ஜ் டவுனில் மூன்று, நாலு தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கிற குடும்பங்கள் உண்டு. பாட்டி பிறந்ததும் அங்கே, பேத்திக்கு வளைகாப்பு நடந்ததும் அங்கே. கொத்தவால்சாவடி மார்க்கெட்டை 1996-ல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடைகள் போயின, அதை நம்பியிருந்த கூலிக்காரர்களில் பலர் இங்கேயே நின்றுவிட்டார்கள். துறைமுகத்தில் கன்டெய்னர் வந்தபின் சரக்கு ஏற்றி இறக்க அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பெரம்பூர் பின்னி மில் மூடியதும் இந்தப் பகுதியை உலுக்கியது.

புதிதாகத் தெருவுக்கு வருபவர்களைத் தள்ளுவது பெரும்பாலும் அட்வான்ஸ்தான். 5,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் 50,000. நாள் கூலிக்காரரால் தினம் 170 ரூபாய் வாடகைக்கு எடுத்து வைக்க முடியும். அரை லட்சத்தை மொத்தமாக எங்கே புரட்டுவார்? 2017-ம் வருடத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ்தான் என்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வாசகத்தையும் சேர்த்து, அந்த வழியே எல்லாரும் நுழைந்துவிட்டார்கள். உடைந்த கால், புருஷன் சாவு, ஒண்டுக்குடித்தன வீட்டில் கல்யாணமான இரண்டாவது மகனுக்கு இடமில்லாமை... இதில் ஏதாவது ஒன்று வந்து அட்வான்ஸ் வாடகையில் கழிந்துவிட்டால், அடுத்த வீட்டுக்குப் போட முதல் இருக்காது. குடி காரணமில்லையா என்று கேட்பீர்கள். சிலருக்குக் காரணம்தான். பலருக்கு அது தெருவுக்கு வந்தபின் பிடித்துக்கொண்டது.

"மாநகராட்சிக் காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே?"
– வாசகர், கொருக்குப்பேட்டை

தனி ஆள் போகலாம், போகிறார்கள். ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு என்று பிரித்துத்தான் பெரும்பாலும் காப்பகங்கள் நடக்கின்றன. குடும்பம் போனால் புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம், பன்னிரண்டு வயதுப் பையன் வேறிடம். சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியை உள்ளே விடமாட்டார்கள், வெளியே விட்டால் காலையில் இருக்காது. பிழைப்புக்கு வண்டிதான் மூலதனம். உச்ச நீதிமன்றம் 2010-ல் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று உத்தரவிட்டது. எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம், முதலில் குடும்பத்தோடு தங்குகிற காப்பகம் வேண்டும்.

தனியாக இருக்கிற முதியவர் என்றால் மாநகராட்சியின் 1913-லோ முதியோர் உதவி எண் 14567-லோ சொல்லுங்கள். குழந்தை என்றால் 1098.

"எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவிடம் எந்த அட்டையும் இல்லை. விலாசம் இல்லாதவருக்கு எப்படி வாங்கித் தருவது?"
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

வாக்காளர் அட்டையில் தொடங்குங்கள். வீடு இல்லாதவருக்கு இருப்பிடச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. பெயர் சேர்க்கிற படிவம் 6-ல் அவர் படுக்கிற இடத்தையே விலாசமாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி வர வேண்டும். பார்த்து உறுதி செய்துவிட்டால் இருப்பிடத்துக்கு வேறு காகிதம் தேவையில்லை.

கோளாறு நடப்பது இங்கேதான். 'நடைபாதை, என்.எஸ்.சி. போஸ் சாலை' என்று எழுதினால் அவ்வளவு நீள ரோட்டில் எங்கே தேடுவார்? எந்தக் கடை ஷட்டர் முன்னால், அந்தக் கடையின் கதவு எண், எதிரில் கோயிலா டிரான்ஸ்பார்மரா என்று எழுதுங்கள். அலுவலர் பெரும்பாலும் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார், பகலில் வந்துவிட்டு 'ஆள் இல்லை' என்று குறித்துவிடுவார். கடைகள் சாத்துவதே ஒன்பது, பத்து மணிக்கு. அதற்குப் பிறகுதான் பாய் விரிக்க முடியும். விடியற்காலையில் மூட்டை கட்டி, கடையின் தகரக் கூரை மேலே எறிந்துவிடுவார்கள், அப்புறம் அங்கே ஒரு குடும்பம் இருந்த அடையாளமே தெரியாது. ஆகவே அலுவலரின் போன் நம்பரை வாங்கி, இரவு பத்தரைக்கு மேல் வரச் சொல்லி, நீங்களும் கூட நில்லுங்கள். மழை ராத்திரி வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் இடம் மாறியிருப்பார்கள்.

வாக்காளர் அட்டை வந்தால் அதையே முகவரிச் சான்றாக வைத்து ஆதார் எடுக்கலாம். அதற்குமுன் அவசரம் என்றால் கவுன்சிலர் அல்லது எம்.எல்.ஏ.விடம் ஆதார் ஆணையத்தின் அச்சிட்ட படிவத்தில் சான்று வாங்குங்கள். வெள்ளைத்தாள் கடிதம் செல்லாது. சீல் பாதி போட்டோ மேல், பாதி காகிதத்தின் மேல் விழ வேண்டும். அடித்துத் திருத்தல் இருக்கக் கூடாது. மூன்று மாதம்தான் செல்லும். ஆதார் கைக்கு வந்தபிறகு ரேஷன் கார்டு. வரிசையை மாற்றினால் ஒவ்வொரு கவுன்டரிலும் அடுத்த கவுன்டரைக் காட்டுவார்கள்.

பிள்ளைகள் இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம்.

"பஸ் டெப்போ பக்கம் ஒருவர் கிழிந்த துணியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு சுற்றுகிறார். பிள்ளை பிடிப்பவனாக இருக்குமோ என்று பயப்படுகிறார்கள்."
– வாசகர், தண்டையார்பேட்டை

அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். 2018 மே மாதம் பழவேற்காட்டில் இதே பேச்சு வாட்ஸ்அப்பில் பரவி, யாரென்றே தெரியாத ஒருவரை அடித்தே கொன்றார்கள்.

உங்கள் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 'எங்கள் வேலை இல்லை' என்றால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100 என்று எழுதியே கொடுங்கள். மனநோயோடு தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் சுற்றுபவரைப் பாதுகாப்பில் எடுப்பது நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். எங்கோ ஒரு குடும்பம் இவரைத் தேடிக்கொண்டிருக்கலாம், இந்தக் கடைசி வேலையைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். 1794-லிருந்து நடக்கும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் உங்களுக்குத் தூரமில்லை.

காலில் புண், புழு இருந்தால் 108-ஐ முதலில் கூப்பிடுங்கள். பலவந்தமாக முடி வெட்டிக் குளிப்பாட்டி வீடியோ போடுகிற கூட்டத்தைக் கூப்பிடாதீர்கள். கையைக் கட்டிப் போட்டவர்களை அவர் மறக்க மாட்டார், அடுத்து நல்லவர் வந்தாலும் ஓடுவார்.

"பிறந்தநாளுக்கு 100 சாப்பாட்டுப் பொட்டலமும் கம்பளியும் கொடுக்க நினைக்கிறோம். சரிதானே?"
– வாசகி, ராயபுரம்

ஞாயிறும் அமாவாசையும் வேண்டாம், சௌகார்பேட்டை பக்கம் அன்றைக்கு ஏற்கனவே மூன்று வண்டி வந்துபோயிருக்கும். சாம்பார் சாதத்தைச் சூட்டோடு பிளாஸ்டிக்கில் மூடினால் வேர்த்து, மதியத்துக்குள் ஊசிவிடும். எலுமிச்சை சாதம் தாங்கும். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. பல்லில்லாதவர்களுக்குக் குழைந்த தயிர் சாதம் பத்துப் பொட்டலமாவது தனியாக வையுங்கள். ஒரு பெரிய பையைக் கூட எடுத்துப்போய் இலை, கவரையெல்லாம் நீங்களே வாரிக்கொண்டு வாருங்கள். நீங்கள் போட்டுவிட்டு வந்த குப்பைக்காக மறுநாள் விரட்டப்படுவது அவர்கள்தான்.

கம்பளி நம் ஊர் வெயிலுக்கு எதற்கு? ஐப்பசி மழையில் நனைந்தால் இரண்டு நாள் காயாது, நாற்றம் அடித்துத் தூக்கிப் போடுவார்கள். பருத்திப் போர்வை அரை நாளில் காய்ந்துவிடும். அந்தக் காசுக்குக் குடும்பத்துக்கு ஒன்றாக 12-க்கு 15 அடி தார்ப்பாய், நைலான் கயிறு, பூட்டுப் போடுகிற மாதிரி மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். அட்டைகளும் பிள்ளைகளின் புத்தகமும் நனையாமல் இருக்க டிரம்தான் வழி. பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கட்டும்.