டெவ், டெஸ்ட், புரொடக்ஷன் என்று மூன்று சர்வர்களுக்கும் எஸ்எஸ்ஆர்எஸ் (மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ்) ரிப்போர்ட்டுகளைக் குழப்பமில்லாமல் டிப்ளாய் செய்வது எப்படி?

கேட்டவரின் நிலைமை இது: ஒவ்வொரு தடவையும் விஷுவல் ஸ்டுடியோவில் சர்வர் முகவரியையும், எந்த டேட்டாபேஸோடு இணைய வேண்டும் என்று சொல்லும் கனெக்ஷன் ஸ்டிரிங்கையும் கையால் மாற்றித்தான் டிப்ளாய் செய்கிறார்கள். டெஸ்டில் ஒழுங்காக ஓடும் ரிப்போர்ட் புரொடக்ஷனில் வேறு மாதிரி வருகிறது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் ஆபீசுக்கு டெஸ்ட் சர்வர் தேவையா என்ற சந்தேகமும் இருக்கிறது.

முதல் வேலையாக, கனெக்ஷன் ஸ்டிரிங்கில் கை வைப்பதை நிறுத்துங்கள். நான் நாகர்கோவிலில் இருந்துகொண்டு, ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு வியாபாரத்தின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கமெல்லாம் அவர்களுக்குக் கொள்முதல் கடைகள். ஆர்எஸ்எஸ் 4, ஐஎஸ்எஸ், ஒட்டுப்பால் என்று தரவாரியாக அன்றைய எடையும் தொகையும் சாயங்காலம் ஒவ்வொரு கடைக்கும் பிடிஎஃப்பாகப் போய்ச்சேர வேண்டும். அங்கே சரக்குதான் வண்டியேறிப் போகும், தராசு அந்தந்தக் கடையிலேயே இருக்கும். கனெக்ஷன் ஸ்டிரிங்கை வைத்திருக்கும் டேட்டா சோர்ஸும் அந்தத் தராசு மாதிரிதான். ரிப்போர்ட்டோடு அது பயணம் போகக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. ரிப்போர்ட்டுக்குள்ளே தனி டேட்டா சோர்ஸ் வைக்காமல், ஷேர்டு டேட்டா சோர்ஸ் வையுங்கள். மூன்று சர்வரிலும் அதற்கு ஒரே பெயர், ஒரே ஃபோல்டர் பாதை. ஒவ்வொரு சர்வரிலும் அதை ஒரே ஒரு தடவை கையால் உருவாக்கி, அந்தச் சூழலுக்குரிய டேட்டாபேஸைக் காட்டிவிட்டால் முடிந்தது. பிராஜெக்ட் ப்ராபர்ட்டீஸில் 'ஓவர்ரைட் டேட்டா சோர்சஸ்' என்பது இயல்பாகவே ஃபால்ஸ் என்றுதான் இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் ட்ரூ என்று மாற்றினால், டெவ் டேட்டாபேஸின் முகவரி புரொடக்ஷனில் போய் உட்கார்ந்துகொள்ளும். எரர் எதுவும் வராது, எண்கள் மட்டும் தப்பாக வரும். எரர் வந்தாலாவது உடனே பார்ப்போம்!

சர்வர் முகவரியை மாற்றவும் கை தேவையில்லை. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் மூன்று கான்ஃபிகரேஷன் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் டார்கெட் சர்வர் யூஆர்எல்லைக் கொடுங்கள். அங்கே கொடுக்க வேண்டியது வெப் சர்வீஸ் முகவரி, அதாவது 'ரிப்போர்ட்சர்வர்' என்று முடிவது. பிரவுசரில் நாம் திறக்கும் போர்ட்டலின் 'ரிப்போர்ட்ஸ்' முகவரியைக் கொடுத்துவிட்டு டிப்ளாய் ஆகவில்லை என்று நிற்பவர்கள் நிறைய.

ஆனால் விஷுவல் ஸ்டுடியோ டெவ்வோடு நிற்கட்டும். டெஸ்டுக்கும் புரொடக்ஷனுக்கும் ஸ்கிரிப்ட்தான். பவர்ஷெல்லுக்கு 'ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் டூல்ஸ்' என்ற மாட்யூலை மைக்ரோசாஃப்டே தருகிறது. ஒரு ஃபோல்டரில் உள்ள ஆர்டிஎல் கோப்புகளை, அதாவது ரிப்போர்ட் கோப்புகளை, அப்படியே சர்வரில் ஏற்ற அதில் ஒரு கட்டளை போதும். பழைய முறையில் ஆர்எஸ் டாட் எக்ஸ்இ வைத்து விபி ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் வேலை செய்யும். எதுவானாலும் டெஸ்டில் ஏற்றிய அதே கோப்புதான் புரொடக்ஷனுக்கும் போக வேண்டும். மறுபடி பில்ட் செய்து அனுப்பினால் டெஸ்ட் செய்ததற்கே அர்த்தமில்லை. இன்னொன்று, பிராஜெக்ட் ஃபோல்டரில் இருக்கும் ஆர்டிஎல்லை எடுக்காதீர்கள், பில்ட் ஆன பிறகு பின் ஃபோல்டரில் இருப்பதை எடுங்கள். உங்கள் சர்வர் பழைய வெர்ஷன் என்றால், அதற்கேற்ற வடிவுக்கு மாற்றிய கோப்பு அங்கேதான் கிடைக்கும்.

இப்போது, 'டெஸ்டில் சரி, புரொடக்ஷனில் வேறு' என்ற புகாருக்கு வருவோம். என் அனுபவத்தில் இதற்கு முதல் சந்தேகம் பாராமீட்டர் மேல்தான். கிளை என்ற பாராமீட்டருக்கு டீஃபால்ட் 'மார்த்தாண்டம்' என்று இருந்ததை 'அனைத்தும்' என்று மாற்றி டிப்ளாய் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்டில் அந்த ரிப்போர்ட் புதிதாக ஏறியிருந்தால் 'அனைத்தும்' என்றே வரும். புரொடக்ஷனில் ஏற்கெனவே இருக்கும் ரிப்போர்ட்டின் மேல் ஏறும்போது, லேஅவுட்டும் குவெரியும் மாறும், டீஃபால்ட் மட்டும் பழைய 'மார்த்தாண்டம்' ஆகவே நிற்கும். இது பக் இல்லை. சர்வரில் அட்மின் மாற்றி வைத்த பாராமீட்டர் அமைப்பை டிப்ளாய் அழித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டை டெலீட் செய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று இணையத்தில் பலரும் சொல்வார்கள். புரொடக்ஷனில் அதைச் செய்யாதீர்கள். அந்த ரிப்போர்ட்டின் சப்ஸ்கிரிப்ஷன் (குறித்த நேரத்தில் ரிப்போர்ட்டைத் தானாக அனுப்பும் ஏற்பாடு), ஹிஸ்டரி, அதற்கென்று கொடுத்த பெர்மிஷன் எல்லாம் கூடவே போய்விடும். போர்ட்டலில் அந்த ரிப்போர்ட்டின் பாராமீட்டர் பக்கத்துக்குப் போய் மாற்றுவது நல்லது. ஸ்கிரிப்டில் செய்ய வேண்டுமானால் வெப் சர்வீஸில் அதற்குத் தனி மெத்தட் இருக்கிறது. எனக்குப் பிடித்த வழி வேறு: டீஃபால்ட் மதிப்பை ரிப்போர்ட்டில் எழுதாமல் ஒரு டேட்டாசெட்டிலிருந்து வரச் செய்துவிட்டால், பிறகு அந்த டேட்டாசெட்டுக்காக டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கும் ஸ்டோர்டு ப்ரொசீஜரை மாற்றினாலே போதும்.

அடுத்த சந்தேகம் எழுத்துரு. தமிழில் ரிப்போர்ட் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். "அண்ணே, ஸ்க்ரீன்ல நல்லா தெரியுது, பிடிஎஃப் எடுத்தா பேரெல்லாம் கட்டங்கட்டமா வருதே, என்னாண்ணு பாருங்க" என்று கடையிலிருந்து போன் வரும். திரையில் காட்டுவது பார்ப்பவரின் கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துருவை வைத்து, பிடிஎஃப் உருவாவதோ சர்வரில். உங்கள் லேப்டாப்பில் தனியாக இறக்கிப் போட்ட தமிழ் எழுத்துரு சர்வரில் இருக்காது. மூன்று சர்வரிலும் அதை நிறுவுங்கள், அல்லது விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐயைப் பயன்படுத்துங்கள். அப்படியே ரிப்போர்ட்டின் லாங்குவேஜ் ப்ராபர்ட்டியையும் பாருங்கள். அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் 1,234,567 என்று வரும், இந்திய ஆங்கிலம் வைத்தால் 12,34,567. தேதியில் மாதமும் நாளும் இடம் மாறுவதும் அங்கேதான்.

மூன்றாவது, 'என்டி அத்தாரிட்டி அனானிமஸ் லாகான்' என்ற எரர். டெவ்வில் ரிப்போர்ட் சர்வரும் டேட்டாபேஸும் ஒரே மெஷினில் இருப்பதால் விண்டோஸ் லாகின் ஒழுங்காக வேலை செய்யும். புரொடக்ஷனில் இரண்டும் வேறு வேறு மெஷின். பயனரின் லாகின் முதல் மெஷினைத் தாண்டி இரண்டாவதுக்குப் போகாது. அந்த லாகினை அடுத்த மெஷினுக்கும் கொண்டுபோக விடும் கெர்பராஸ் டெலிகேஷன் அமைத்துச் சரிசெய்யலாம், சின்ன ஆபீசுக்கு அந்தப் பாடு வேண்டாம். படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு அக்கவுண்டை டேட்டா சோர்ஸில் சேமித்து வையுங்கள். சப்ஸ்கிரிப்ஷனுக்கும் எப்படியும் அது வேண்டியிருக்கும்.

ஸ்டோர்டு ப்ரொசீஜர் மாற்றம் இருந்தால் டேட்டாபேஸ் முதலில், ரிப்போர்ட் பிறகு. புதிய பாராமீட்டருக்கு ப்ரொசீஜரில் ஒரு டீஃபால்ட் மதிப்பு கொடுத்துவிட்டால், இடைப்பட்ட நேரத்தில் பழைய ரிப்போர்ட்டும் ஓடும்.

டெஸ்ட் சர்வர் தேவையா என்றால், தேவைதான். மேலே சொன்ன மூன்றில் ஒன்றுகூட டெவ் மெஷினில் தெரியாது. செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷன் இலவசம், எண்டர்பிரைஸில் உள்ள வசதிகள் அதில் இருக்கின்றன, புரொடக்ஷனில் மட்டும் பயன்படுத்தக் கூடாது. எக்ஸ்பிரஸ் எடிஷனைப் போடாதீர்கள், அதில் சப்ஸ்கிரிப்ஷன் கிடையாது. டெஸ்டிலும் ரிப்போர்ட் சர்வரையும் டேட்டாபேஸையும் இரண்டு மெஷினில் வையுங்கள், பழைய மெஷின் போதும். புரொடக்ஷனின் ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸை அப்படியே டெஸ்டில் ரீஸ்டோர் செய்பவர்கள் முதலில், சப்ஸ்கிரிப்ஷன்களை நேரத்துக்கு ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜென்ட்டை நிறுத்திவிடுங்கள். என்கிரிப்ஷன் கீயும் கூட வந்து, மெயில் அமைப்பும் அங்கே இருந்துவிட்டால், சப்ஸ்கிரிப்ஷனெல்லாம் டெஸ்டிலிருந்தும் ஓட ஆரம்பித்து, ஒவ்வொரு கடைக்கும் சாயங்காலம் இரண்டு கணக்கு போகும்.