குவாவா, செனாங்கா? லங்காவியில் எங்கே தங்குவது?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் பேராக்கில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்). ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு லங்காவித் தீவில் மூன்று இரவு தங்க ஆசை. கையில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்திருக்கிறேன். குடும்ப அறைக்கு ஓர் இரவு குவா நகரில் 150, செனாங் கடற்கரையில் 260, தஞ்சோங் ரூ கடற்கரையில் 750 வெள்ளி சொல்கிறார்கள். வாடகைக் கார் நாளுக்கு 120. குவாவே மலிவு என்கிறார் கணவர். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். மாமியாருக்கு முட்டிவலி. பணம் குறைந்தால் ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) மூன்றாவது கணக்கிலிருந்து 600 வெள்ளி எடுக்கலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. செனாங்கில் தங்குங்கள். கணவர் அறை வாடகையை மட்டும் பார்த்துவிட்டார், கார் வாடகையை அதோடு சேர்க்கவில்லை.

குவாவில் படகுத்துறை இருக்கிறது, சாக்லேட் கடைகள் இருக்கின்றன, சாப்பாடும் மலிவு. ஆனால் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கும் கடற்கரை அங்கே இல்லை. செனாங்குக்குப் போக இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், அதனால் மூன்று நாளும் கார் வேண்டும். அறைக்கு 450, காருக்கு 360, ஆக 810 வெள்ளி. செனாங்கில் அறைக்கு 780. கடல், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில். கார் ஒரே ஒரு நாள் போதும், அதற்கு 120. மொத்தம் 900. வந்து இறங்கும் நாளில் படகுத்துறையிலிருந்து ஒரு கிராப் வாடகைக் கார் பிடிக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூறு வெள்ளிக்குச் சற்று மேலே வித்தியாசம் வரும். அந்தப் பணம் மாமியாருக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். குவாவில் தங்கினால், பிள்ளைகள் தண்ணீரை விட்டு எழும்பும் வரை அவர் மணலில் வெயில் காய வேண்டும். செனாங்கில் அலுத்துப்போனால் அறைக்குப் போய்க் காலை நீட்டிக்கொள்ளலாம். என் அம்மாவைக் கூட்டிப்போன ஒரு பயணத்தில் இதை யோசிக்காமல் தொலைவில் அறை எடுத்தேன். மூன்று நாளும் அவர் பட்ட சிரமம் இன்னும் மனதில் நிற்கிறது.

கடலைப் பார்த்த அறை வேண்டாம், சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள சந்துகளில் கேளுங்கள். தரைத்தள அறையா என்பதையும் கேட்டுவிடுங்கள். செனாங்கின் இரவுச் சத்தம் ஆகாது என்றால், தெற்கே ஒட்டியிருக்கும் பந்தாய் தெங்காவைப் பாருங்கள்.

காரை மூன்றாம் நாள் காலையில் எடுங்கள். கேபிள் காருக்குப் போய் வந்து, மறுநாள் குவாவில் சாக்லேட் வாங்கி, படகுத்துறையிலேயே காரை விட்டுவிடலாமா என்று கார்க்காரரிடம் முன்பே பேசி வையுங்கள். கேபிள் காரில் மலேசியருக்குத் தனிக் கட்டணம் உண்டு, எல்லாருடைய அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வெளிநாட்டவருக்கு மட்டும்தான். உங்கள் பில்லில் ஏறியிருந்தால் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

தஞ்சோங் ரூ அழகான, அமைதியான இடம்தான். மூன்று இரவுக்கு 2,250 வெள்ளி கொடுத்த பிறகு, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஹோட்டலையே நம்ப வேண்டியிருக்கும். உங்கள் பணத்துக்கு அது தாங்காது.

இனி சேமநிதி. 2024 மே மாதத்திலிருந்து மாதச் சந்தாவில் 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்கு எனப்படும் அந்த மூன்றாவது கணக்குக்குப் போகிறது. 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், சட்டம் தடுக்காது. நான் தடுக்கிறேன். அந்த 600 வெள்ளி ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்ந்தால் இருபது ஆண்டில் ஏறக்குறைய 1,590 ஆகும். தோட்டத்து வேலையில் உடம்பு ஓயும் காலத்தில் வேறு யார் கொடுப்பார்கள்? கடன் அட்டையும் வேண்டாம், நிலுவை வைத்தால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஏறும்.

900 போக உங்களிடம் 2,100 இருக்கிறது. படகு, பெட்ரோல், டோல், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இடித்தால் ஓர் இரவைக் குறையுங்கள், பிள்ளைகளுக்கு இரண்டு நாள் கடலே போதும். விடுமுறை நெருங்கினால் அறை விலை ஏறிவிடும், ரத்து செய்ய வசதியுள்ள அறையாகப் பார்த்து இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.