டம்ளருக்கு நீள்ற கை

கேள்வி: என் பையனுக்கு 8 வயசு. ஸ்கூல்ல ஒருத்தன் இவனைப் பிடிச்சுத் தள்றான், பென்சில் பாக்ஸைப் பிடுங்கறான், இவன் ஒண்ணும் பேசாம வந்துடறான். ஏதாவது தற்காப்புக் கலை கத்துக்கிட்டா தைரியம் வரும்னு மூணு இடம் பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு கராத்தே, மாஸ்டர் ரொம்ப ஸ்ட்ரிக்ட், கையில எப்பவும் பிரம்பு இருக்கும், பசங்க மூச்சு விட மாட்டாங்க, 2 வருஷத்துல பிளாக் பெல்ட் கேரன்ட்டின்னு சொல்றாங்க. ரெண்டாவது டேக்வாண்டோ, சுவர் முழுக்க மெடல். மூணாவது ஜூடோ, ஆனா அங்க பசங்க சிரிச்சுக்கிட்டே உருண்டுட்டு இருக்காங்க, சீரியஸா தெரியல. பையனுக்கு ரிஃப்ளெக்ஸ் நல்லாவே இருக்கு, அவங்க அப்பா தண்ணி டம்ளர எடுக்கக் கையை நீட்டினாக்கூட சட்டுனு குனிஞ்சு ரெண்டு கையாலயும் தலையை மறைச்சுக்குவான், அதனால சீக்கிரம் கத்துப்பான்னு நினைக்கிறேன். எதுல சேக்கலாம்? (பேர் போட வேண்டாம்)

பதில்: டம்ளருக்குக் கை நீட்டினா பிள்ளை தலையை மறைச்சுக்கறான், இதை எழுதிட்டு அதே மூச்சுல சீக்கிரம் கத்துப்பான்னு எழுத உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு? மூணு ஸ்கூலைப் பத்தி வளைச்சு வளைச்சு எழுதியிருக்கீங்க, பிரம்பு, பெல்ட்டு, மெடல் எல்லாம் ஞாபகமா இருக்கு, இது மட்டும் போற போக்குல ஒரு வரி, அதுவும் பெருமையா.

அதுக்குப் பேர் ரிஃப்ளெக்ஸ் கிடையாது. முகத்துக்கு நேரா ஏதாவது பறந்து வந்தா எல்லாருக்கும்தான் கண்ணு மூடும். டேபிள் மேல இருக்கற டம்ளரை நோக்கிப் போற கையைப் பாத்து எந்தப் பிள்ளையும் சும்மா குனியாது, அந்தக் கை பல தடவை தன் மேலதான் வந்து விழுந்திருக்குன்னு அவன் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் குனியறான். ஸ்கூல்ல அடிச்சா பேசாம வந்துடறான்னு வேற குறைப்பட்டுக்கறீங்க. வேற என்ன பண்ணுவான்? கை ஓங்கறவங்க முன்னாடி பேசாம நிக்கணும், முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கணும்னு வீட்டுல பாடம் நடந்திருக்கு, படிச்ச பாடத்தை ஸ்கூல்ல ஒப்பிக்கறான்.

இந்த மாதிரி லெட்டர் எனக்குப் புதுசு இல்ல. பையன் பயந்தாங்கொள்ளியா இருக்கான் எந்த கிளாஸ்ல சேக்கலாம்னுதான் கேப்பாங்க, யாரைப் பாத்து பயப்படறான்னு மட்டும் எழுத மாட்டாங்க. நீங்க தெரியாத்தனமா எழுதிட்டீங்க, அந்த வகையில சந்தோஷம். பிள்ளையை அடிக்காம வளக்கறது பெத்தவங்க கடமை, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது, 'நாங்கல்லாம் அடி வாங்கித்தானே வளந்தோம், கெட்டா போயிட்டோம்'னு உங்க வீட்டுக்காரர் கேப்பாரு, எல்லாரும் கேக்கறதுதான், கெட்டுப் போகலன்னா பெத்த பிள்ளை ஏன் உங்க கையைப் பாத்து நடுங்குதுன்னு திருப்பிக் கேளுங்க. அடி அவரு கையில இருந்து வந்தாலும் பாத்துட்டு சும்மா இருந்ததுல உங்களுக்கும் பங்கு இருக்கு, கோவிச்சுக்காதீங்க.

இன்னொண்ணு. அவர் கை நீட்டறப்ப நீங்களும் குனியறீங்களா? லெட்டர்ல இல்ல, ஆனா எனக்குக் கேக்கத் தோணுது. ஆமான்னா இந்தப் பக்கத்தை அவர்கிட்ட காட்டாதீங்க, தனியாப் பேசிப் பாக்கவும் வேண்டாம், முதல்ல உங்க பக்கம் நிக்கற பெரியவங்க யார்கிட்டயாவது போய் உள்ளதைச் சொல்லுங்க, கராத்தே ஜூடோ எல்லாம் அதுக்கப்புறம். அப்படி இல்லன்னா மேல படிங்க.

பிரம்பு மாஸ்டர் வேண்டவே வேண்டாம். வீட்டுல ஒரு ஓங்கின கை போதாதா, சாயங்காலத்துக்கு இன்னொண்ணு வேணுமா? பசங்க மூச்சு விட மாட்டாங்கன்னு சந்தோஷமா எழுதறீங்க, உங்க பிள்ளை வீட்டுலயே மூச்சு விடாம இருக்கக் கத்துக்கிட்டான், அதுக்கு எதுக்குத் தனியா ஃபீஸ்? 2 வருஷத்துல பிளாக் பெல்ட் கேரன்ட்டிங்கறது சுத்த வியாபாரம். கராத்தேலயும் ஜூடோலயும் பிளாக் பெல்ட்டோட முதல் படிக்கு ஷோடான்னு பேரு, ஷோன்னா தொடக்கம்னுதான் அர்த்தம், அதாவது இனிமேதான் படிக்கவே ஆரம்பிக்கறீங்கன்னு சொல்றாங்க, இங்க என்னடான்னா அதைக் காட்டி அட்மிஷன் போடறாங்க. டேக்வாண்டோவுக்குத் தலைமையிடமா இருக்கற குக்கிவோன், 15 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு டான், அதாவது பிளாக் பெல்ட் படி, குடுக்கறதில்ல, பூம்னு தனியா ஒரு படி வெச்சிருக்கு, பெல்ட்டே பாதி சிவப்பு பாதி கறுப்பு. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுன்னு ஒரு மல்யுத்தக் கலை, அதுல 16 வயசு ஆகாம நீல பெல்ட்டே கிடையாது, கறுப்புக்கு 19. பெரிய அமைப்புங்களே பிள்ளைங்க விஷயத்துல இப்படி நிதானமாப் போறப்ப உங்க தெரு மாஸ்டருக்கு மட்டும் என்ன அவசரமாம்?

மெடல் சுவர். மெடல் கெட்டதுன்னு சொல்லல, ஆனா சுவத்துல தொங்கறது ஜெயிச்ச பிள்ளைங்களோடது மட்டும்தான், பாதியில நின்னு போனவங்க பேரு எந்தச் சுவத்துலயும் இருக்காது. ஜப்பான்ல ஜூடோ சங்கம் 2022ல என்ன பண்ணுச்சு தெரியுமா, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு நடத்திட்டு வந்த தேசியப் போட்டியையே நிறுத்திடுச்சு. சின்னப் பிள்ளைங்களை எடை குறைக்க வைக்கறது, பெத்தவங்க நடுவரைப் பாத்துக் கத்தறதுன்னு ஜெயிக்கற வெறி தலைக்கேறிப் போச்சுன்னுதான் நிறுத்தினாங்க. ஜூடோ பிறந்த நாட்டுலயே இந்த நிலைமை. அந்த டேக்வாண்டோ இடத்துல கேக்க வேண்டியது ஒண்ணுதான், 8 வயசுப் பிள்ளைங்களைத் தலையில உதைக்க விடறீங்களான்னு கேளுங்க. ஹெல்மெட் போட்டுத்தானே விடறோம்னு சொன்னா அதோட கிளம்பிடுங்க. ஹெட்கியர் போட்டா மூளை அதிர்ச்சி வராதுங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016லயே சொல்லியாச்சு, சின்னப் பிள்ளைங்க உடம்புல படாத பயிற்சியில ஆரம்பிக்கறதுதான் நல்லதுன்னும் சொல்லியிருக்காங்க.

இப்ப அந்த சிரிச்சுக்கிட்டு உருள்ற பசங்க. அவங்க விளையாடலம்மா, விழக் கத்துக்கறாங்க. உகெமின்னு பேரு. தாடையை நெஞ்சோட ஒட்டி, முதுகை வளைச்சு, விழற நேரத்துல கையால பாயை ஓங்கி அடிக்கணும், தலை தரையில படவே கூடாது. இது உடம்புல ஊறின பிறகுதான் தூக்கிப் போடவே கத்துத் தரணும். அடுத்த தடவை போனா இதுக்கு அப்புறம் நடக்கறதையும் உக்காந்து பாருங்க. ஒரு பிள்ளை இன்னொண்ணைக் கீழ போட்டு அழுத்திப் பிடிச்சிருக்கும், கீழ இருக்கறவனுக்கு முடியலன்னா பிடிச்சிருக்கறவன் தோள்ல பட் பட்னு ரெண்டு தட்டு தட்டுவான், அவ்வளவுதான், அந்த செகண்டே கையை எடுத்துடணும். எவ்வளவு பெரியவனா இருந்தாலும், கோவமா இருந்தாலும், ஜெயிக்கப் போற நேரமா இருந்தாலும் எடுத்தே ஆகணும். 1882ல ஜூடோவை ஆரம்பிச்ச மனுஷன் கானோ ஜிகோரோ, அவர் அதுக்கு வெச்ச கொள்கையில ஒண்ணு நீயும் நானும் சேந்து நல்லா வரணும்ங்கறது, எதிர்ல நிக்கறவன் உடம்பு பத்திரமா இருந்தாத்தான் நாளைக்கு உனக்கு ஜோடி.

உங்க பிள்ளை தட்டினா விடறதுக்கு வீட்டுல யாரும் இல்ல. போதும்னு அவன் சொன்னா நிக்கற இடம்னு ஒண்ணையாவது அவன் பாக்கட்டும், அதனாலதான் ஜூடோ பக்கம் சாயறேன். ஆனா ஜூடோன்னு போர்டு போட்டிருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு சேத்துடாதீங்க, ஜப்பான்ல பள்ளிக்கூட ஜூடோவுல தலையில அடிபட்டு பிள்ளைங்க செத்தே போயிருக்காங்க, அதுல நிறைய, புதுசா சேந்த பிள்ளைங்களை அவசரப்பட்டு தூக்கிப் போட்டா வர்ற வினைதான். பையனைக் கூட்டிட்டுப் போகாம நீங்க மட்டும் போய் ரெண்டு கிளாஸ் முழுசா உக்காருங்க, பெத்தவங்க உக்காரக்கூடாதுன்னு சொல்ற இடம் எதுவா இருந்தாலும் வேண்டாம், என்ன காரணம் சொன்னாலும் வேண்டாம். நல்லாப் பண்ற பிள்ளையைப் பாக்காதீங்க, அது எங்க விட்டாலும் வளரும். இருக்கறதுலயே மோசமாப் பண்ற, குண்டா இருக்கற, அழுமூஞ்சியா இருக்கற ஒரு பிள்ளை எங்கயாவது மூலையில நிக்கும், அதுகிட்ட மாஸ்டர் எப்படிப் பேசறாருன்னு மட்டும் பாருங்க. அதைக் காட்டி மத்தவங்களைச் சிரிக்க வெக்கறாரா, பக்கத்துல உக்காந்து தாடையை எங்க வெக்கணும்னு இன்னொரு தடவை காட்டறாரா? அந்தப் பிள்ளை இடத்துலதான் முதல் ஆறு மாசம் உங்க பையன் நிக்கப் போறான்.

சேக்கறதுக்கு முன்னாடி மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க, இவன் யாராவது கையைத் தூக்கினா குனிஞ்சுக்குவான்னு. வெக்கப்படாம சொல்லுங்க. 'ரெண்டே வாரம், பயத்தைப் போக்கிடறேன் பாருங்க'ன்னா எழுந்து வந்துடுங்க. 'அப்படியா, தொடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடறேன்'னு சொன்னா பையனை விடலாம்.

ஸ்கூல்ல தள்றவன் விஷயம் நீங்க கிளாஸ் டீச்சர்கிட்ட போய்ப் பேசித் தீக்க வேண்டியது, 8 வயசுப் பிள்ளை பெல்ட் கட்டிட்டு வந்து தீக்கட்டும்னு விட முடியாது. இன்னும் போகலைன்னுதான் நினைக்கிறேன், போயிருந்தா எழுதியிருப்பீங்க.

கிளாஸ்ல சேத்தா வாரத்துல ஒரு நாளாவது அவங்க அப்பாவையும் அனுப்புங்க. பாய் ஓரத்துல உக்காந்து பாக்கட்டும், வேலை இருக்குன்னு சொல்வாரு, பரவாயில்லன்னு அனுப்புங்க. தன் பிள்ளை தட்டினதும் யாரோ ஒரு சின்னப் பையன் கையை எடுக்கறதை அவர் கண்ணால பாக்கணும். வீட்டுலயும் தரையில உக்காந்து பையனோட அதே மாதிரி பிடிச்சு விளையாடட்டும், அவன் தட்டினா விடட்டும், நூறு தடவை தட்டினா நூறு தடவையும் விடட்டும், அவன் வேணும்னே தட்டித் தட்டிப் பாப்பான், பாக்கத்தான் செய்வான்.

அட்மிஷன் ஃபார்ம் அடுத்த மாசம் கூட நிரப்பிக்கலாம். இன்னிக்கு ராத்திரி சாப்பிட உக்காந்ததும் உங்க வீட்டுக்காரர் 'தண்ணி எடுக்கறேன்டா'ன்னு சொல்லிட்டு டம்ளரை எடுக்கட்டும்.